ஒன்பது பேர்ச்சில் எவ்வளவு தெரியும்?

2023 ஆகஸ்ட் 22-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பேராசிரியர் சி. ஆர். ராவ் காலமானார். இன்னும் பத்தொன்பது நாள் இருந்திருந்தால் வயது நூற்றுமூன்று. அவரைப் பற்றிய ஒரு பட்டியல் அப்போது வட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி, கற்பிட்டிப் பக்கத்து எங்கள் குறிஞ்சிப்பிட்டிக்கும் வந்து சேர்ந்தது. அறுபதில் ஓய்வு, பிறகு அமெரிக்காவில் பேராசிரியர் வேலை, எண்பதுக்கு மேல் அமெரிக்க ஜனாதிபதி கையால் பதக்கம், நூற்றிரண்டில் புள்ளிவிபரவியலின் நோபல் என்று சொல்லப்படுகிற பரிசு. வயது போய்விட்டதே என்று சோர்ந்துவிடாதீர்கள் என்று கீழே ஒரு புத்திமதி வேறு.

பட்டியலில் பெரிய பிழை இல்லை. ஆனால் அந்த மனிதர் செய்தது என்ன என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நூற்றிரண்டு வயதில் வந்த அந்தச் சர்வதேசப் பரிசு, இருபத்தைந்தைத் தொடும் வயதில் அவர் எழுதிய பதினொரு பக்கக் கட்டுரை ஒன்றுக்காக வந்தது. 1945-ல் கல்கத்தா கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான கட்டுரை அது. ஓய்வுக்குப் பிந்திய நாற்பது வருடத்தை எண்ணிப் பார்த்து மலைக்கிறவர்கள் இந்தப் பதினொரு பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வெங்காயத் தோட்டம் செய்கிற நானா ஒருவர் கடை வாங்கில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டே என்னிடம் கேட்டதும் அதைத்தான். "வயச விடுங்க சேர். இவர் என்னத்தக் கண்டுபிடிச்ச மனிசன்?"

ஒரு பிளேன்டீக்குள் முடிகிற பதில் இல்லை. இரண்டாவதற்கும் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

ஊரில் நூறு ஏக்கரில் சின்ன வெங்காயம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 160 பேர்ச், ஆக 16,000 பேர்ச். பிடுங்குவதற்கு முன்பே மொத்தம் எவ்வளவு தேறும் என்று தெரிய வேண்டும். வியாபாரி விலை பேசுவதற்கு அது வேண்டும். வெளியிலிருந்து எவ்வளவு இறக்குவது என்று கொழும்பில் முடிவெடுப்பவர்களுக்கும் வேண்டும். எல்லாவற்றையும் பிடுங்கி நிறுத்துப் பார்த்தால் அதற்குப் பெயர் அறுவடை, மதிப்பீடு அல்ல. எனவே சீட்டுக் குலுக்கி ஒன்பது பேர்ச்சைத் தெரிந்தெடுக்கிறோம். அவற்றை மட்டும் பிடுங்கி, மண் உதறி, தராசில் வைக்கிறோம். ஒன்றில் 43 கிலோ, ஒன்றில் 35, இன்னொன்றில் 47 என்று ஒன்பது எண்கள் கிடைக்கின்றன.

இந்த ஒன்பதை வைத்து, ஒரு பேர்ச்சுக்கு உண்மையில் சராசரியாக என்ன விளைகிறது என்று ஊகிக்க வேண்டும். வழிகள் பல. ஒன்பதையும் கூட்டி ஒன்பதால் பிரிக்கலாம். வரிசைப்படுத்தி நடுவில் நிற்கிற ஐந்தாவது எண்ணை எடுக்கலாம். ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் கூட்டிப் பாதி எடுக்கலாம். தராசையே தொடாமல், "நான் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன், நாற்பது கிலோ" என்று அடித்துச் சொல்லவும் ஆட்கள் உண்டு.

எது நல்ல வழி? சீட்டை மறுபடி குலுக்கினால் வேறு ஒன்பது பேர்ச் வரும், வேறு எண்கள் வரும், ஊகமும் மாறும். திரும்பத் திரும்பக் குலுக்கினால் ஊகங்கள் உண்மையைச் சுற்றி அங்குமிங்குமாக விழும். அந்தச் சிதறல் எவ்வளவுக்குச் சிறிதோ அவ்வளவுக்கு வழி நல்லது. நாற்பது என்று அடித்துச் சொல்கிறவருடைய ஊகம் சிதறவே சிதறாது, அது உண்மைதான். ஆனால் நிலம் முப்பது விளைந்தாலும் அவர் நாற்பதுதான் சொல்வார். அவரைப் போட்டியிலிருந்து விலக்கிவைக்க ஒரு நிபந்தனை போடுகிறோம்: உண்மை எதுவாக இருந்தாலும், பல தடவை செய்து பார்த்தால் ஊகங்களின் சராசரி அந்த உண்மையிலேயே வந்து நிற்க வேண்டும். கோடலற்ற மதிப்பீடு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

இனித்தான் கேள்வி. கோடல் இல்லாத வழிகள் எத்தனையோ உண்டு. இன்னும் யாரும் யோசிக்காத வழிகளும் இருக்கும். அத்தனையிலும் ஆகச் சிறந்தது எது என்று தெரியாமலே, சிதறல் இதற்குக் கீழே போகவே போகாது என்று ஓர் எல்லையைச் சொல்ல முடியுமா? நாளைக்கு ஒருவர் எந்தச் சூத்திரத்தைக் கொண்டுவந்தாலும் அவருக்கும் சேர்த்து?

பெரிய மாதிரிகளுக்கு, அதாவது ஆயிரக்கணக்கில் நிறுக்க முடிந்தவர்களுக்கு, இங்கிலாந்தின் ரொனால்ட் ஃபிஷர் 1920-களிலேயே இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். அந்த இடத்தில் நானா குறுக்கே வந்தார். "ஆயிரம் பேர்ச்ச நிறுக்கிறவனுக்கு அது சரி சேர். ஒம்பதோட நிக்கிறவனுக்கு?"

கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் 1944-ல் கல்கத்தா வகுப்பறை ஒன்றில் ஒரு மாணவர் கேட்டார். பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர் ராவ். அவரும் படிப்பை முடித்து ஒரு வருடம்கூடச் சரியாக ஆகாத இளைஞர். ஃபிஷரின் முடிவைக் கரும்பலகையில் எழுதியபோது வி. எம். தண்டேகர் என்ற மாணவர் எழுந்து, சிறிய மாதிரிக்கும் இப்படி ஒன்றை நிறுவ முடியாதா என்று கேட்டார். ராவிடம் பதில் இல்லை. அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார், அடுத்த நாள் வகுப்பில் நிறுவிக் காட்டினார். அந்தத் தண்டேகர் பின்னாளில் பொருளியலாளர் ஆனார். இந்தியாவின் வறுமையைக் கணக்கிட்டு நீலகண்ட ராத்துடன் சேர்ந்து 1971-ல் அவர் எழுதிய நூல் இன்றும் பேசப்படுகிறது. ஒரே இரவில் ஒரு தேற்றம் என்று சொல்லும்போது வகுப்பில் எழுந்து நின்ற அந்த மாணவரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

அந்த இரவில் கிடைத்தது என்ன? அதன் உயிர் ஓர் எளிய விசாரணையில் இருக்கிறது. உண்மைச் சராசரி 40 கிலோ என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அது 41 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு நிலைமையிலும் தராசில் விழுகிற எண்கள் வேறு வேறாகத் தெரியுமா? பேர்ச்சுக்குப் பேர்ச் ஆறு கிலோ அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கிற தோட்டத்தில் தெரியாது. 43, 35, 47 என்ற எண்கள் 40-க்கும் பொருந்தும், 41-க்கும் பொருந்தும். எண்களே வித்தியாசம் காட்டாதபோது எந்தச் சூத்திரத்தால் 40-ஐயும் 41-ஐயும் பிரித்தறிய முடியும்? ஏற்ற இறக்கம் அரைக் கிலோதான் என்றால் கதை வேறு. அங்கே 40 விளைகிற நிலமும் 41 விளைகிற நிலமும் தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

உண்மை கொஞ்சம் அசைந்தால் எண்கள் எவ்வளவு அசைந்து காட்டும் என்ற இந்த அளவுக்கு ஃபிஷர் தகவல் என்று பெயர் வைத்திருந்தார். ஒரு பேர்ச் கொஞ்சம் தகவல் தரும். ஒன்பது பேர்ச் அதைப் போல ஒன்பது மடங்கு தரும். ராவ் நிறுவியது: மாதிரி சிறிதோ பெரிதோ, கோடலற்ற எந்த மதிப்பீட்டின் மாறற்றிறனும் (சிதறலை அளக்கிற எண்) ஒன்றைத் தகவலால் பிரித்த அளவுக்குக் கீழே போகாது. நிறுவலுக்கு வேண்டியதெல்லாம் உயர்தர வகுப்பு மாணவருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற நுண்கணிதமும் கோஷியின் பெயரால் வழங்குகிற ஒரு சமனிலியும்தான். பதினைந்து வரியில் எழுதிவிடலாம். கடினம் நிறுவலில் இல்லை, இப்படி ஒரு எல்லை இருக்கக்கூடும் என்று தோன்றுவதில் இருந்தது.

நம் தோட்டத்துக்கு வருவோம். விளைச்சல் செவ்வன் பரம்பலாகவும் (மணி வடிவில் சராசரியின் இரு பக்கமும் ஒரே மாதிரிப் பரவுவது) அதன் நியம விலகல், அதாவது மாறற்றிறனின் வர்க்கமூலம், ஆறு கிலோவாகவும் இருந்தால், ஒன்பது பேர்ச்சில் ஊகத்தின் நியம விலகல் இரண்டு கிலோவுக்குக் குறையாது. 16,000 பேர்ச்சுக்குப் பெருக்கினால் 32 தொன். சராசரி நாற்பது என்றால் மொத்தம் 640 தொன். அதில் 32 தொன் அளவுக்கு இப்படியோ அப்படியோ போவது வழமை என்று ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இதைப் பாதியாக்க வேண்டுமானால் பதினெட்டுப் பேர்ச் போதாது, முப்பத்தாறு பேர்ச் நிறுக்க வேண்டும். பிழையைப் பாதியாக்குவதற்கு வேலை நான்கு மடங்கு. கொழும்பிலிருந்து என்ன மென்பொருளைக் கொண்டுவந்து ஓடவிட்டாலும் அந்த ஒன்பது எண்ணிலிருந்து இதைவிட நேர்த்தியாகப் பிழிய முடியாது. "செயற்கை நுண்ணறிவு" என்று சொல்லி எவராவது வந்தாலும் அவருக்கும் இதுதான் கணக்கு. முப்பத்தாறு பேர்ச்சின் தகவலை அவர் வேறெங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும்.

கூட்டிப் பிரிக்கிற சாதாரண சராசரி, செவ்வன் பரம்பலில் இந்த எல்லையைச் சரியாகத் தொட்டுவிடுகிறது. அதாவது பள்ளிக்கூடத்தில் படித்த சராசரியை அங்கே யாராலும் வெல்ல முடியாது. நடுவில் நிற்கிற எண்ணை எடுக்கிறவர் தோற்றுவிடுகிறார்: நூறு பேர்ச்சை நிறுத்து அவர் பெறுகிற துல்லியத்தை, சராசரிக்காரர் சுமார் அறுபத்துநான்கு பேர்ச்சிலேயே பெற்றுவிடுவார். ஆனால் அதற்காக நடுவெண்ணை இகழ வேண்டாம். இடைக்கிடை ஒரு பேர்ச் அழுகலில் முழுதாகப் போய்விடுகிற தோட்டத்தில் பரம்பலின் வடிவமே மாறிவிடும்; அங்கே நடுவெண் சராசரியை முந்திவிடலாம். எல்லையைக் கையில் வைத்துக்கொண்டால் எந்த வழி அதற்கு எவ்வளவு கிட்டே போகிறது என்று அளந்து பார்க்கலாம். அதற்கு முன்னால் "இது நல்ல வழி" என்பது பெரும்பாலும் அபிப்பிராயம்தான்.

சுவீடனின் ஹரால்ட் கிராமேர் 1946-ல் வெளிவந்த தன் நூலில் இதே சமனிலியைத் தனியாகக் கண்டு எழுதியிருந்தார். அதனால் கிராமேர்–ராவ் எல்லை என்று பெயர் நிலைத்துவிட்டது. படகில் வைத்திருக்கிற ஜிபிஎஸ் கருவி, ஆழம் பார்க்கிற சோனார், ஆஸ்பத்திரியின் எம்ஆர்ஐ என்று சமிக்ஞையிலிருந்து ஒன்றை மதிப்பிடுகிற கருவி எதையும் வடிவமைக்கும் பொறியியலாளர்கள், இரைச்சலுக்குள் எவ்வளவு துல்லியம் சாத்தியம் என்று முதலில் இந்த எல்லையைப் போட்டுப் பார்ப்பார்கள். செய்த கருவி அதைத் தொட்டுவிட்டால் மேலும் மினக்கெட வேண்டியதில்லை.

அதே பதினொரு பக்கத்துக்குள் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை, ஏனென்றால் வெங்காயத்தில் அது அவ்வளவு அழகாக விளங்கும். சோம்பல்காரர் ஒருவர் ஒன்பது பேர்ச்சையும் நிறுத்துவிட்டு, முதலாவதாக நிறுத்ததை மட்டும் பார்த்து "43" என்று சொல்லிவிடுகிறார். கோடல் இல்லை, ஆனால் மோசமான ஊகம். ராவ் சொன்ன திருத்தம் இது: மொத்தக் கூட்டுத்தொகையைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பேர்ச் முதலில் தராசுக்கு வந்தது என்பது தற்செயல். ஒன்பதில் எதுவும் முதலில் வந்திருக்கலாம். அப்படி வந்திருக்கக்கூடிய எல்லா "முதல்"களுக்கும் சராசரி எடுங்கள். என்ன கிடைக்கிறது? ஒன்பதின் சராசரியேதான். சோம்பல்காரரின் ஊகத்தைத் தற்செயலிலிருந்து கழுவி எடுத்தால் ஆகச் சிறந்த ஊகம் கிடைத்துவிடுகிறது. எந்த ஊகத்தை எடுத்து இப்படிச் செய்தாலும் அது முன்பைவிட மோசமாகாது என்பதே தேற்றம். அமெரிக்காவின் டேவிட் பிளாக்வெல் 1947-ல் தனியே இதை அடைந்தார், எனவே ராவ்–பிளாக்வெல். கறுப்பினத்தவர் என்பதால் பல பல்கலைக்கழகங்களின் வாசல் திறக்காத காலத்தில் வேலை செய்தவர் பிளாக்வெல். போர்க்காலக் கல்கத்தாவிலிருந்து ஒருவரும் வாஷிங்டனின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

மற்றது தூரம் பற்றியது. 40-க்கும் 41-க்கும் இடையில் ஒரு கிலோ. ஆறு கிலோ ஏற்ற இறக்கமுள்ள தோட்டத்தில் அந்த ஒரு கிலோ கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அரைக் கிலோ ஏற்ற இறக்கமுள்ள தோட்டத்தில் அது பெரிய இடைவெளி. அப்படியானால் இரண்டு பரம்பல்களுக்கு இடையிலான தூரத்தைக் கிலோவில் அளக்கக் கூடாது, பிரித்தறிவது எவ்வளவு சுலபம் என்பதால் அளக்க வேண்டும். ஃபிஷரின் தகவலையே அளவுகோலாக்கி, வளைந்த வெளிகளுக்கு ரீமான் வகுத்த கேத்திரகணிதத்தை ராவ் அங்கே கொண்டுவந்து வைத்தார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு இது தகவல் கேத்திரகணிதம் என்று ஒரு துறையாகவே கிளைத்து, இன்று இயந்திரக் கற்றல்வரை போயிருக்கிறது. நானா இந்த இடத்தில் இரண்டாவது பிளேன்டீயைக் கவனிக்க ஆரம்பித்ததால் அதை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

"இவ்வளவு படிச்ச மனிசன் எந்த ஊர்?" என்றார்.

ஹூவின ஹடகலி. இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. 1920 செப்டம்பர் 10-ல் அவர் பிறந்தபோது சென்னை மாகாணத்தில் இருந்தது. வீட்டில் பேச்சு தெலுங்கு. பத்துப் பிள்ளைகளில் எட்டாவது என்பதால் கிருஷ்ணனின் பெயர் வைத்தார்கள். தகப்பன் பொலிஸ் அதிகாரி; தாய் லட்சுமிகாந்தம்மா விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பி, விளக்கேற்றி வைத்துப் படிக்கச் சொல்வாராம். ராவ் தன்னுடைய நூல் ஒன்றின் சமர்ப்பணத்திலேயே அதை நன்றியோடு எழுதியிருக்கிறார். விசாகப்பட்டினத்தில் கணிதத்தில் முதலாவதாகத் தேறியும் ஆய்வு செய்ய இடம் கிடைக்கவில்லை. யுத்த காலம், படையின் நிலஅளவைப் பிரிவில் கணிதம் தெரிந்தவர் வேண்டும் என்று கேள்விப்பட்டு நேர்முகத்துக்குக் கல்கத்தா போனார். வயது காணாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தங்கிய இடத்தில் சந்தித்த ஒருவர் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பயிற்சிக்கு வந்தவர். அவரோடு போய்ப் பார்த்தவர் 1941 ஜனவரியில் அங்கேயே சேர்ந்துவிட்டார். சேர்ந்தபோது புள்ளிவிபரவியல் மேல் பெரிய ஆசையெல்லாம் கிடையாது, வேறு வழி இல்லை என்பதுதான் காரணம்.

போன இடம் அப்படிப்பட்டது. பி. சி. மகாலனோபிஸ் 1931-ல் தொடங்கிய நிறுவனம் அது. நூறு ஏக்கர் வெங்காயம் என்று நான் சொன்னது கற்பனை. அவர்களோ நிஜமாகவே வங்காளம் முழுவதும் ஆட்களை அனுப்பி, சின்னச் சின்னத் துண்டுகளில் பயிரை வெட்டி நிறுத்து, மாகாணத்தின் சணல் எவ்வளவு என்று மதிப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எத்தனை துண்டு, எவ்வளவு பெரிய துண்டு, அதற்கு என்ன செலவு என்பதெல்லாம் அங்கே அன்றாடப் பேச்சு. ஒன்பது பேர்ச்சோடு நிற்கிறவனின் கேள்வி அந்தக் கட்டடத்தில் எழாமல் வேறெங்கே எழும்?

1946-ல் மகாலனோபிஸ் ராவைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார், எலும்புகளை அளப்பதற்கு. சூடானின் ஜெபல் மோயாவில் தோண்டியெடுத்த புராதன எலும்புக்கூடுகள் அங்கே தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருந்தன. அவர்கள் எந்த மக்களுக்குக் கிட்டியவர்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதுவும் தூரப் பிரச்சினைதான். மண்டையோட்டின் நீளம் கூடினால் அகலமும் ஓரளவு கூடும்; இரண்டையும் தனித்தனியாகக் கூட்டினால் ஒரே வித்தியாசத்தை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும். அந்தத் தொடர்பைக் கழித்து இரண்டு கூட்டங்களுக்கு இடையிலான தூரத்தைச் சொல்கிற அளவு ஒன்றை மகாலனோபிஸ் ஏற்கெனவே வகுத்திருந்தார். ராவ் அதை வைத்துக்கொண்டு அளந்தார், கணக்கிட்டார், இடையில் அதே ஃபிஷரிடம் ஆய்வு மாணவராகவும் சேர்ந்தார். தன்னுடைய மரபியல் ஆய்வுகூடத்தில் எலிகளோடும் வேலை செய்ய வேண்டும், ஆய்வுத் தலைப்பை நீயே தேடிக்கொள்ள வேண்டும் என்பது ஃபிஷர் போட்ட நிபந்தனை. 1948-ல் பட்டம் கிடைத்தது.

திரும்பி வந்து அடுத்த முப்பது வருடம் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில். மாணவர்களைச் சொல்லாமல் அந்த வருடங்களைச் சொல்ல முடியாது. சென்னையில் பிறந்த எஸ். ஆர். சீனிவாச வரதன் மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1959-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். ஆய்வேட்டுக்கு மேற்பார்வையாளர் ராவ். பரிசீலித்தவர்களில் ஒருவர், நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கே அத்திவாரம் போட்ட ரஷ்யாவின் கொல்மகோரோவ். 2007-ல் வரதனுக்கு ஏபெல் பரிசு கிடைத்தது. அவரோடு கே. ஆர். பார்த்தசாரதி, வீ. எஸ். வரதராஜன், ரங்கா ராவ் என்று ஒரு கூட்டமே அங்கே இருந்தது. அந்த இளைஞர்கள் பெரும்பாலும் ஒருவரிடமிருந்து ஒருவர்தான் கற்றுக்கொண்டார்கள், அதுவும் சி. ஆர். ராவின் சொந்தத் துறையைவிட்டுத் தள்ளி. தனக்குக் கீழே இருக்கிறவர்கள் தன் வேலையைத்தான் தொடர வேண்டும் என்று அவர் பிடித்து வைக்கவில்லை. பேராசிரியர்களில் இது நாம் நினைப்பதைவிட அபூர்வம்.

பிறகுதான் வட்ஸ்அப் பட்டியல் ஆரம்பிக்கிற இடம். அறுபதை ஒட்டிய வயதில் அமெரிக்கா போனார். பிட்ஸ்பர்க், 1988 முதல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம், 2001-ல் அங்கிருந்தும் ஓய்வு, பிறகு பஃபலோ. இந்திய அரசின் பத்ம விபூஷண் 2001-ல் வந்தது, அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் அடுத்த வருடம் கையில் கிடைத்தது. இவை எல்லாம் சரி. ஆனால் அறுபதுக்குப் பிறகு அவர் சும்மா வீட்டில் இருந்திருந்தாலும் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இதே தடவைகள்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீண்ட ஆயுள் அவருக்குக் கொடுத்தது, தன் இருபத்தைந்து வயது வேலை எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று தானே பார்க்கிற வாய்ப்பை.

நானாவுக்கு இதில் ஒரு மனக்குறை. "அப்ப ஒம்பதோட நிக்கிறவன் ஒம்பதோடயே நிக்க வேண்டியதா? எல்லையச் சொல்லிட்டுப் போனா எங்களுக்கென்ன லாபம்?"

லாபம் உண்டு, அதையும் ராவ்தான் கொடுத்தார். கையில் இருக்கிற எண்களிலிருந்து எல்லைக்கு மேல் பிழிய முடியாது. ஆனால் எந்த எண்களைச் சேகரிப்பது என்பது நம் கையில் இருக்கிறது. கேம்பிரிட்ஜுக்குப் போன காலத்தை ஒட்டி, 1947-ல், செங்குத்து அணிகள் பற்றி எழுதியதில் அதற்கான பொதுவான கட்டமைப்பு இருக்கிறது.

நானா அடுத்த போகத்துக்கு ஏழு விஷயங்களைச் சோதிக்க ஆசைப்படுகிறார் என்று வைப்போம்: பெரிய விதை வெங்காயமா சிறியதா, இடைவெளி கூட்டவா குறைக்கவா, மாட்டெரு போடவா வேண்டாமா, உரம் ஒரு தடவையா இரண்டா, தண்ணீர் காலையிலா மாலையிலா, களை அடிக்கடியா ஒரே தடவையா, மருந்து அடிக்கவா விடவா. எல்லாச் சேர்க்கைகளையும் போட்டுப் பார்க்க 128 பாத்தி வேண்டும். நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வது வேறு: ஒரு பாத்தியைப் பழைய மாதிரியே விட்டு, மற்ற ஏழில் ஆளுக்கொரு மாற்றம். எட்டுப் பாத்தியில் முடிந்துவிடும், ஆனால் மாட்டெருவைப் பற்றிய தீர்ப்பு இரண்டே இரண்டு பாத்தியில் தங்கியிருக்கும். மிச்சம் ஆறும் அதற்கு உதவாது.

செங்குத்து அணியில் அதே எட்டுப் பாத்திதான். ஆனால் ஒவ்வொரு விஷயமும் நான்கு பாத்தியில் ஒரு விதமாகவும் நான்கில் மற்ற விதமாகவும் வரும். மாட்டெரு போட்ட நான்கை எடுத்துப் பார்த்தால், அவற்றில் இரண்டு காலைத் தண்ணீர், இரண்டு மாலைத் தண்ணீர், இரண்டு பெரிய விதை, இரண்டு சின்ன விதை, மருந்தும் அப்படியே. போடாத நான்கிலும் அதே கணக்கு. ஆகவே நான்கையும் நான்கையும் ஒப்பிடும்போது மற்ற ஆறு விஷயங்களும் இரண்டு பக்கமும் சமமாக நின்று கழிந்துவிடும். ஏழு கேள்விக்கும் எட்டுப் பாத்தியும் வேலை செய்கின்றன. மாறற்றிறனைப் போட்டுப் பார்த்தால், ஆளுக்கொரு மாற்றம் என்ற பழைய முறையில் இதே துல்லியம் வர முப்பத்திரண்டு பாத்தி வேண்டும். வேலை நான்கு மடங்கு என்று முன்னே சொன்னோமே, அதை இங்கே ஒரு தாளில் கோடு போட்டே மிச்சம் பிடித்துவிட்டோம். 1954-ல் கல்கத்தா நிறுவனத்துக்கு வருகைப் பேராசிரியராக வந்த ஜப்பானியப் பொறியியலாளர் கெனிச்சி தகுச்சி பிற்பாடு இத்தகைய அணிகளைத் தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரபலமாக்கினார்.

இதற்கும் ஒரு விலை உண்டு. இரண்டு விஷயம் சேர்ந்தால் மட்டும் பலன் தரும் என்றால், உதாரணமாக மாலைத் தண்ணீர் மாட்டெரு போட்ட இடத்தில் மட்டும் நன்றாக வேலை செய்தால், எட்டுப் பாத்தியில் அந்தக் கூட்டு விளைவு வேறொரு விஷயத்தின் விளைவோடு கலந்து போய் நம்மை ஏமாற்றிவிடும். தனி விளைவுகளை அந்தக் கலப்பிலிருந்து காப்பாற்றப் பதினாறு பாத்தி போட வேண்டும்.

"பதினாறு போடலாம்," என்றார் நானா. "ஆனா மருந்தடிக்காம எட்டுப் பாத்திய விடச் சொன்னா விடமாட்டன் சேர்."

அப்படியென்றால் மருந்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு எல்லாப் பாத்திக்கும் ஒரே மாதிரி அடித்துவிட வேண்டியதுதான். மிச்சம் ஆறு விஷயத்துக்கும் அதே பதினாறு பாத்தி பொருந்தும்.